லோகோவுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்? சொந்த டி-ஷர்ட் பிராண்ட் தொடங்குறவங்களுக்கு ஒரு கணக்கு



திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசராவோ, குவாலிட்டியிலோ, அக்கவுண்ட்ஸிலோ வேலை பார்க்கிறீங்கன்னு வைச்சுக்குவோம். துணி எங்க வாங்கணும், கட்டிங் எங்க கொடுக்கணும், எந்த பிரிண்டிங் யூனிட் சொன்ன தேதிக்கு டெலிவரி கொடுப்பாங்க எல்லாம் உங்களுக்கு அத்துபடி. அதனால "நாமளே ஒரு 300 டி-ஷர்ட் போட்டு, சொந்தப் பேர்ல வித்தா என்ன?"ன்னு ஒரு யோசனை எப்பவும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கும்.

நியாயமான யோசனைதான். 2024-25 நிதியாண்டுல திருப்பூரோட பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். ஆனா அந்த ஆடைகளோட கழுத்துல இருக்கிற லேபிள் பெரும்பாலும் வேற நாட்டுக் கம்பெனியோடது. 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல 50% வரி போட்டப்ப, அடுத்தவங்க லேபிளை மட்டும் நம்பி இருக்கிறதோட ஆபத்து என்னன்னு ஊரே பார்த்துச்சு.

சரி, பிராண்ட் தொடங்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. முதல்ல எல்லாரும் ஓடுறது லோகோவுக்குத்தான். சிலர் 500 ரூபாயில முடிக்கிறாங்க, சிலர் 50,000 கொடுக்கிறாங்க. ரெண்டு பேருமே ஒரு கேள்வியை விட்டுடுறாங்க: இந்த லோகோவை ஒவ்வொரு பீஸ்லயும் போட எவ்வளவு ஆகும்? இது சட்டப்படி என் சொத்தா?

லோகோவுக்கு மூணு விலை இருக்கு:

1. வரையுற விலை: டிசைனருக்குக் கொடுக்கிறது. ஒரு தடவைதான்.
2. போடுற விலை: லேபிள், பிரிண்ட், எம்பிராய்டரி. பீஸுக்கு பீஸ், பிசினஸ் இருக்கிற வரைக்கும்.
3. காப்பாத்துற விலை: டிரேட்மார்க். பண்ணாம விட்டா ஒருநாள் வட்டியோட வரும்.

நாம பேரம் பேசுறது முதல் விலைக்கு மட்டும்தான். ஆனா நீங்க எந்த ஸ்டைல் லோகோ தேர்ந்தெடுக்கிறீங்களோ, அதுதான் அடுத்த ரெண்டு விலையையும் முடிவு பண்ணுது. அந்த ஸ்டைலை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு இந்தப் பாடத்துல பார்ப்போம்.

லோகோவுல என்னென்ன வகை இருக்கு?

1. பெயர் லோகோ. படம் கிடையாது. பெயரையே ஒரு குறிப்பிட்ட எழுத்து வடிவத்துல எழுதுறது. நம்ம ஊர் உள்ளாடைத் தொழில் வளர்ந்ததே பெயரை வைச்சுத்தான். ராம்ராஜ், பூமெக்ஸ், பூமர், வைக்கிங் எல்லாமே கடையில வாயால கேட்டு வாங்குற பெயர்கள். 1983-ல திருப்பூர்ல கே.ஆர். நாகராஜன் தொடங்கினது ராம்ராஜ். அப்பா ராமசாமி பெயர்லருந்து 'ராம்', தன்னோட பெயர்லருந்து 'ராஜ்'. ரெண்டையும் சேர்த்தா ஒரு புதுப் பெயர். வேட்டி கேட்டு வர்றவர் கடைக்காரர்கிட்ட படத்தை வரைஞ்சா காட்டுவார்? பெயரைச் சொல்றார், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஜட்டியோட இடுப்பு எலாஸ்டிக்கை நினைச்சுப் பாருங்க. அகலம் கொஞ்சம், நீளம் ஜாஸ்தி. அந்தப் பட்டையில வட்டமான படம் வைச்சா பொட்டு மாதிரி சின்னதாகிடும். பெயரைத் திரும்பத் திரும்ப நெய்தா பட்டை முழுக்க விளம்பரம். ஜாக்கி உட்பட உலகம் முழுக்க உள்ளாடை பிராண்டுகள் எலாஸ்டிக்ல பெயரையே ஓட்டுறது இதனாலதான்.

2. எழுத்து லோகோ. பெயரோட முதல் எழுத்துகள் மட்டும். டிவிஎஸ், எம்ஆர்எஃப் மாதிரி. பார்க்க சுருக்கமா, கம்பீரமா இருக்கும். ஆனா ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. டிவிஎஸ் 1911-ல மதுரையில தொடங்கினது. எம்ஆர்எஃப் 1946-ல திருவொற்றியூர்ல பொம்மை பலூன் செய்யற சின்ன இடமா தொடங்கினது. அந்த மூணெழுத்துக்கு இன்னைக்கு இருக்கிற மரியாதைக்குப் பின்னால பல தலைமுறை உழைப்பு இருக்கு. நேத்து தொடங்கின கம்பெனி 'எஸ்கேஆர்'னு மூணெழுத்து போட்டா, அது யாருக்கும் எதையும் சொல்லாது. அதே மூணெழுத்துல ஊருக்குள்ள ஏற்கனவே நாலு கம்பெனியும் இருக்கலாம்.

3. பட லோகோ. பார்த்த உடனே என்னன்னு சொல்லிடக்கூடிய உருவம். 1935-ல தொடங்கின கோ-ஆப்டெக்ஸோட வண்ணத்துப்பூச்சி நம்ம மாநிலத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அடையாளம் கண்டுக்கலாம், மொழி தேவையில்லை. அதுதான் படத்தோட பலம்.

4. அருவ லோகோ. எந்தப் பொருளோட உருவமும் இல்லாத வடிவம். நைக்கியோட டிக் மார்க் மாதிரி கோடு இந்த வகை. 1964-ல வந்த வுல்மார்க் சின்னமும் அப்படித்தான். நூல்கண்டை ஞாபகப்படுத்துற வளைவுக் கோடுகள், ஒரே கலர். துணிக்குள்ள தைக்கிற சின்ன லேபிள்ல கூட தெளிவா தெரியும்.

நைக்கி கதையில ரெண்டு பாடம் இருக்கு. 1971-ல கரோலின் டேவிட்சன்ங்கிற டிசைன் மாணவி அதை 35 டாலருக்கு வரைஞ்சு கொடுத்தாங்க. அதாவது நல்ல லோகோவுக்குப் பெரிய தொகை கொடுத்தே ஆகணும்னு இல்ல. ரெண்டாவது, அந்தக் கோடு பெயரோட துணை இல்லாம தனியா நிக்க ஆரம்பிச்சது 1995 வாக்குலதான். இடையில 24 வருஷம். அவ்வளவு விளம்பரப் பணம் வைச்சிருந்த கம்பெனிக்கே அவ்வளவு காலம் ஆச்சுன்னா, நம்ம 300 பீஸ் பிராண்டுக்கு?

5. கதாபாத்திர லோகோ. ஏசியன் பெயிண்ட்ஸ் 'கட்டு' பையனை 1954-ல ஆர்.கே. லக்ஷ்மண் வரைஞ்சார். எம்ஆர்எஃப்போட டயர் தூக்குற பலசாலி 1964-ல வந்தார். குழந்தைகள் ஆடைக்கு இந்த வகை நல்லா எடுபடும். ஆனா முகம், கை, கால், சிரிப்புன்னு விவரம் அதிகம். விவரம் ஏற ஏற பிரிண்ட் செலவும் ஏறும்.

6. முத்திரை லோகோ. வட்டம் அல்லது கேடயத்துக்குள்ள படம், சுத்தி பெயர், கீழே 'நிறுவப்பட்ட ஆண்டு'. ஸ்கூல் பேட்ஜ் மாதிரி. பெரிசா பார்த்தா பிரமாதம், கழுத்து லேபிள் சைஸுக்குச் சுருக்கினா எழுத்தெல்லாம் எறும்பாகிடும். இன்னொரு எச்சரிக்கை: தேசியச் சின்னம், மாநில அரசுச் சின்னம், அசோகச் சிங்கம் எதையும் உங்க லோகோவுல தொடாதீங்க. இதுக்குன்னே 1950-லயே சட்டம் போட்டிருக்காங்க.

7. கூட்டு லோகோ. பெயரும் ஒரு சின்னப் படமும் பக்கத்துல பக்கத்துல. தேவைப்பட்டா பிரிச்சும் பயன்படுத்தலாம். எலாஸ்டிக்ல பெயர், பட்டன் மேல படம், ஹேங் டேக்ல ரெண்டும்.

பீஸுக்கு எவ்வளவு விழும்? கணக்குப் போடுவோம்

கீழே இருக்கிற ரேட் எல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க ஜாப் ஒர்க் யூனிட்ல கேட்டு உண்மையான ரேட்டைப் போட்டுக்குங்க. முறை மாறாது.

வருஷத்துக்கு 6 தடவை, தடவைக்கு 300 பீஸ். மொத்தம் 1,800 டி-ஷர்ட்.

*ஸ்க்ரீன் பிரிண்ட்:* ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன். நாலு கலர்னா நாலு ஸ்க்ரீன். டார்க் கலர் துணின்னா அடியில வெள்ளை ஒரு கோட்டிங் வேற. கூடுதல் கலர் ஒவ்வொண்ணுக்கும் பீஸுக்கு 2 ரூபாய்னு வைங்க.

- ஒரு கலர் பெயர் லோகோ: கூடுதல் செலவு இல்லை.
- நாலு கலர் பட லோகோ: கூடுதல் 3 கலர் × 2 ரூபாய் = பீஸுக்கு 6 ரூபாய். 1,800 பீஸுக்கு 10,800 ரூபாய். மூணு வருஷத்துக்கு 32,400 ரூபாய்.

*எம்பிராய்டரி:* இங்க கணக்கு கலர்ல இல்ல, தையல் எண்ணிக்கையில. 1,000 தையலுக்கு 1 ரூபாய்னு வைப்போம். கோடு கோடா இருக்கிற சின்னப் பெயர் லோகோ 3,000 தையல், உள்ளே முழுசா நிரப்பின படம் 8,000 தையல்னா, வித்தியாசம் பீஸுக்கு 5 ரூபாய். வருஷத்துக்கு 9,000 ரூபாய்.

"6 ரூபாய்தானே?"ன்னு தோணும். உங்க டி-ஷர்ட்ல எல்லாச் செலவும் போக பீஸுக்கு 60 ரூபாய் நிக்குதுன்னா, அந்த 6 ரூபாய் உங்க லாபத்துல 10%. டிசைனர்கிட்ட 500 ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசின நாம, லாபத்துல பத்துல ஒரு பங்கை ஒரு கேள்வியும் கேட்காம நிரந்தரமா கொடுத்துக்கிட்டு இருப்போம்.

துணியையும் மறக்காதீங்க. மெல்லிசான சிங்கிள் ஜெர்சியில நெருக்கமான எம்பிராய்டரி போட்டா சுத்தியும் துணி சுருங்கி இழுக்கும், உள்ளே பேக்கிங் பேப்பர் குத்தும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. ஆனா டிசைனருக்குத் தெரியாது. அவர் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல வரையறார். நிழல் விழற மாதிரி, ஒரு கலர்லருந்து இன்னொரு கலருக்கு மெதுவா மாறுற மாதிரி வரைஞ்சு கொடுப்பார். மொபைல்ல அழகா இருக்கும். நெய்யற லேபிள்ல அந்த மாற்றம் வராது, எம்பிராய்டரியிலயும் சரியா வராது.

தமிழ் எழுத்துல லோகோ வைக்கணும்னு ஆசைப்படுறவங்க இப்ப நிறைய. நல்ல விஷயம், தனியா தெரியும். ஆனா நம்ம எழுத்துல சுழியும் வளைவும் ஜாஸ்தி. சின்ன சைஸ் எம்பிராய்டரியில 'ணை', 'ஞ' மாதிரி எழுத்துகளோட உள் இடைவெளி நூலால அடைஞ்சுபோகும். மேல இருக்கிற புள்ளி தொலைஞ்சா 'க்' 'க' ஆகிடும், பெயரே மாறிடும். அதனால தமிழ்ப் பெயர்னா எழுத்து உயரத்தைக் கொஞ்சம் பெரிசா வைங்க. புள்ளி தனியா நிக்குதான்னு ஒரு சாம்பிள் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் மொத்தமா கொடுங்க.

ஒரு முதலைக்காக 23 வருஷ வழக்கு

மூணாவது விலைக்கு வருவோம். இது எவ்வளவு பெரிய விலைன்னு புரியறதுக்கு நம்ம மாவட்டத்தோட தொடர்புள்ள ஒரு நிஜ வழக்கு இருக்கு.

பிரான்ஸ்ல 1933-ல தொடங்கின லாகோஸ்ட் கம்பெனியோட சின்னம் முதலை. சிங்கப்பூர்ல 1940-கள்லருந்து வந்த 'குரோக்கடைல்' பிராண்டோட சின்னமும் முதலைதான். ஒண்ணு வலது பக்கம் பார்க்கும், இன்னொண்ணு இடது பக்கம் பார்க்கும். இந்தியாவுல குரோக்கடைல் பிராண்ட் ஆண்கள் ஆடைகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது அவிநாசியைத் தலைமையிடமா கொண்ட எஸ்.பி. அப்பேரல்ஸ் குழுமம்.

ரெண்டு முதலைக் கம்பெனிகளும் 1983-ல சில ஆசிய நாடுகளுக்கு மட்டும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. இந்தியாவும் அதுல சேருமாங்கிறதுதான் தகராறு. 2001-ல சிங்கப்பூர் கம்பெனி மேல லாகோஸ்ட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2024 ஆகஸ்ட்ல தனி நீதிபதி தீர்ப்பு சொன்னார்: அந்த ஒப்பந்தம் இந்தியாவுக்குப் பொருந்தாது, பெயர் இல்லாம முதலைப் படத்தை மட்டும் தனியா பயன்படுத்துறது லாகோஸ்டோட டிரேட்மார்க் உரிமையை மீறுது.

23 வருஷம்! ரெண்டு பக்கமும் பெரிய கம்பெனிகள், வக்கீல் ஃபீஸ் கொடுக்க வசதி இருந்துச்சு. நமக்கு?

இந்த வழக்குலருந்து லோகோ ஸ்டைல் பத்தி நாம எடுத்துக்க வேண்டியது இதுதான்: மயில், யானை, சிங்கம், கழுகு, மான் மாதிரி எல்லாருக்கும் தோணுற உருவத்தை யாரோ ஒருத்தர் ஏற்கனவே எடுத்திருப்பாங்க. பக்கவாட்டுல திருப்பி வைச்சா அது வேற லோகோ ஆகிடாது. நீங்களே உருவாக்கின புதுப் பெயர்ல இந்த ஆபத்து ரொம்பக் குறைவு.

பெரிய பிராண்டோட லோகோவைக் கொஞ்சம் மாத்திப் போடுற வேலை இன்னும் மோசம். சர்ப்ளஸ் மார்க்கெட்ல நாலு பேர் செய்றாங்கன்னு நீங்க இறங்காதீங்க. போலி டிரேட்மார்க்குக்கு 1999 டிரேட்மார்க் சட்டத்துல 6 மாசத்துலருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000-லருந்து 2 லட்சம் வரை அபராதம்னு இருக்கு. சைடு பிசினஸ் பண்ணப் போய் மெயின் வேலையும் போகும்.

டிரேட்மார்க்: தெரிஞ்சிருக்க வேண்டிய அடிப்படை

- கட்டணம்: ஆன்லைன்ல தனிநபருக்கும், ஸ்டார்ட்அப்புக்கும், சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மத்தவங்களுக்கு 9,000. ஏஜென்ட் வைச்சா அவர் ஃபீஸ் தனி.
- வகுப்பு: பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்பா பிரிச்சிருக்காங்க. ஆடைகளுக்கு 25-வது வகுப்பு. பெட்ஷீட், துணி மாதிரி விஷயத்துக்கு 24. கடை நடத்துறதுக்கு 35. தொடக்கத்துல 25 போதும்.
- காலம்: ஒரு தடவை பதிவு பண்ணா 10 வருஷம். அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். 4,500 ரூபாயை 10 வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 37 ரூபாய் 50 பைசா. இதைவிடக் குறைஞ்ச செலவுல ஒரு இன்சூரன்ஸ் காட்டுங்க பார்ப்போம்!
- நடைமுறை: ஆய்வுக்கு அப்புறம் டிரேட்மார்க் ஜர்னல்ல வெளியிடுவாங்க. 4 மாசத்துக்குள்ள யாரும் ஆட்சேபிக்கலாம்.

இப்ப முக்கியமான பாயிண்ட். பெயரை வெறும் சொல்லாவும் பதிவு பண்ணலாம், படத்தோட சேர்த்தும் பதிவு பண்ணலாம். ரெண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கட்டணம். பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா சொல்லை முதல்ல பதிவு பண்ணுங்க. சொல் உங்களுடையது ஆயிட்டா, நாளைக்கு எழுத்து வடிவத்தை மாத்தலாம், கலரை மாத்தலாம், உரிமை அப்படியே இருக்கும். படத்தோட சேர்த்து மட்டும் பதிவு பண்ணிட்டு, ரெண்டு வருஷத்துல படத்தை மாத்தினா மறுபடி முதல்லருந்து.

ஆனா சொல் தனித்துவமா இருக்கணும். 'சாஃப்ட் காட்டன்', 'பெஸ்ட் பனியன்', 'திருப்பூர் டி-ஷர்ட்ஸ்' மாதிரி பொருளையோ ஊரையோ வர்ணிக்கிற பெயருக்குப் பதிவு கிடைக்கிறது கஷ்டம். 'காட்டன்'ங்கிற சொல்லை யாரும் தனக்கு மட்டும்னு சொந்தம் கொண்டாட முடியாது. ராம்ராஜ் காட்டன்ல பலம் 'ராம்ராஜ்'லதான் இருக்கு.

தேடிப் பார்க்கிறது இலவசம். டிரேட்மார்க் பதிவுத்துறையோட இணையதளத்துல பெயரைப் போட்டுப் பாருங்க. எழுத்து வேறயா இருந்தாலும் உச்சரிப்பு ஒண்ணா இருந்தா பிரச்சினைதான், அதனால உச்சரிப்புத் தேடலையும் போடுங்க. படத்தைத் தேட வியன்னா கோடுன்னு ஒரு எண் முறை இருக்கு. பறவைக்கு ஒரு எண், பூவுக்கு ஒரு எண். அந்த எண்ணைப் போட்டா 25-வது வகுப்புல எத்தனை மயில் ஏற்கனவே உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுடும்.

பதிவு கிடைக்கிறதுக்கு முன்னாடி வட்டத்துக்குள்ள 'ஆர்' போடாதீங்க. பதிவு ஆகாததைப் பதிவு ஆனதா காட்டுறதுக்குச் சட்டத்துல தடை இருக்கு. மேல சின்னதா 'டிஎம்' போட்டுக்கலாம், அதுக்குத் தடை இல்லை. முதல் பில், முதல் லேபிள் ஆர்டர், முதல் விளம்பரப் பதிவு எல்லாத்தையும் தேதியோட ஒரு ஃபோல்டர்ல வைங்க. யார் முதல்ல பயன்படுத்தினாங்கங்கிறதுக்கு நம்ம சட்டத்துல பெரிய மதிப்பு இருக்கு.

வரைஞ்சவர் யார், சொந்தக்காரர் யார்?

"காசு கொடுத்தேன், லோகோ என்னுடையது"ன்னு நினைக்கிறோம். காப்பிரைட் சட்டப்படி பொதுவா வரைஞ்சவர்தான் முதல் உரிமையாளர். வெளியாள் டிசைனர்னா, உரிமையை உங்களுக்கு மாத்திக் கொடுக்கிறதா எழுத்துல கையெழுத்து வாங்கணும். அதுலயும் காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னும், இடம் குறிப்பிடலைன்னா இந்தியா மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும். எக்ஸ்போர்ட் ஊர்ல இருந்துக்கிட்டு இந்தியா மட்டும்னு உரிமை வாங்கினா எப்படி? "முழு காலத்துக்கும், உலகம் முழுவதுக்கும்"னு ஒரு வரி சேர்த்துக்குங்க.

ஆப்ல கிடைக்கிற ரெடிமேட் டெம்ப்ளேட் லோகோ இன்னொரு பொறி. அதே டெம்ப்ளேட்டை வேற யார் வேணும்னாலும் எடுக்கலாம். உங்களுக்கு மட்டும்னு உரிமை கேட்க முடியாது. முதல் 50 பீஸ் விற்றுப் பார்க்க ஓகே, அதுக்கு மேல வேண்டாம்.

ரெண்டு மூணு ஃபிரெண்ட்ஸ் சேர்ந்து தொடங்குறீங்கன்னா, டிரேட்மார்க் யார் பேர்ல போகுதுங்கிறதை முதல் நாளே பேசி எழுதிக்குங்க. "நீ விண்ணப்பம் போட்டுடு மச்சான்"னு விட்டுட்டா, நாளைக்குப் பிரியும்போது பிராண்ட் அந்த ஒருத்தரோடவே போயிடும். கூட இருந்து உழைச்சவங்க கையில மிச்சம் இருக்கிறது விற்காத ஸ்டாக் மட்டும்தான்.

சரி, யாருக்கு எந்த ஸ்டைல்?

உள்ளாடை, லெக்கிங்ஸ், ட்ராக் பேன்ட்: பெயர் லோகோ. நீளமான எழுத்து வரிசை, ஒரே கலர். எலாஸ்டிக்ல ஓடணும்.

ஆன்லைன்ல விற்கிற டி-ஷர்ட்: கூட்டு லோகோ. பெயர் லேபிளுக்கு, சின்னப் படம் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வட்டத்துக்கு. அந்த வட்டத்துல பத்து எழுத்துப் பெயர் படிக்கவே முடியாது. படம் ஒரே கலர்ல, நிரப்பாம கோடா இருந்தா நல்லது.

காலர் டி-ஷர்ட், நெஞ்சுல எம்பிராய்டரி: சின்ன, எளிமையான படம் அல்லது ஒற்றை எழுத்து. ஆனா கழுத்து லேபிள்ல முழுப் பெயர் கட்டாயம் இருக்கணும்.

குழந்தைகள் ஆடை: கதாபாத்திரம் வைக்கலாம். ஆனா ஹேங் டேக்லயும் பாலிபேக்லயும் மட்டும் முழு கலர் கதாபாத்திரம், துணியில ஒரு கலர் பெயர். செலவும் அடங்கும், கவர்ச்சியும் குறையாது.

யூனிஃபார்ம், கார்ப்பரேட் ஆர்டர் எடுத்து தைக்கிறவங்க: நெஞ்சுல வர்றது வாடிக்கையாளரோட லோகோ. உங்களுது உள் லேபிள்லயும் பில்லுலயும் மட்டும். எளிமையான பெயர் லோகோ போதும், பத்து பைசா அதிகம் செலவு பண்ணாதீங்க.

எதுன்னு குழப்பமா இருந்தா: ஒரே கலர்ல, புதுப் பெயரை எழுதின பெயர் லோகோ. இதுல தப்பான முடிவுன்னு ஒண்ணு அமையுறது கஷ்டம். படம் அப்புறம் சேர்த்துக்கலாம்.

டிசைனருக்கு பாக்கிப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி 5 சோதனை

1. கறுப்பு வெள்ளை: கலரை எடுத்துட்டுப் பாருங்க. அப்பவும் அதே லோகோவா தெரியணும்.
2. ஒரு இன்ச்: பிரிண்ட் எடுத்து ஒரு இன்ச் அகலத்துக்குச் சுருக்குங்க. படிக்க முடியலைன்னா லேபிளுக்கு ஆகாது.
3. போன்: ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு போன் போட்டுப் பெயரைச் சொல்லி, எழுதச் சொல்லுங்க. ரெண்டு தடவை ஸ்பெல்லிங் சொல்ல வேண்டி வந்தா, கடைக்காரருக்கும் அதே கஷ்டம்தான்.
4. ஹேங்கர்: வேற நாலு பிராண்ட் டி-ஷர்ட்டோட மாட்டி, பத்தடி தள்ளி நின்னு பாருங்க.
5. ஃபைல்: வெறும் போட்டோ ஃபைல் மட்டும் வாங்காதீங்க. எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாத வெக்டார் ஃபைல், நம்ம ஊர் பிரிண்டிங் யூனிட் திறக்கிற கோரல் டிரா ஃபைல், கலரோட பான்டோன் நம்பர், எம்பிராய்டரிக்குப் போனா பஞ்சிங் ஃபைல். நாலும் கைக்கு வந்த அப்புறம் பணம்.

1.5 லட்சம் முதலீட்டுல லோகோவுக்கு எவ்வளவு?

சேமிப்புலருந்து 1,50,000 ரூபாய் எடுத்து இறங்குறீங்கன்னு வைப்போம். என் அளவுகோல் இதுதான்: அடையாளத்துக்கான மொத்தச் செலவு 10%-ஐத் தாண்டக் கூடாது.

- டிசைன்: 5,000
- டிரேட்மார்க், சொல் மட்டும், 25-வது வகுப்பு: 4,500
- முதல் லேபிள், ஹேங் டேக்: 4,000
- மொத்தம்: 13,500 ரூபாய். அதாவது 9%.

மீதி துணிக்கும், தையலுக்கும், போட்டோவுக்கும், திரும்பி வர்ற பீஸுக்கும். லோகோ முதல் டி-ஷர்ட்டை விற்க உதவும். ரெண்டாவது டி-ஷர்ட்டை விற்கிறது, ரெண்டு தடவை துவைச்ச அப்புறமும் சாயம் போகாத துணிதான். எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டு, பெர்சனல் லோன் போட்டு பிராண்டிங் பண்ண வேண்டாம். அதோட உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை ஒரு தடவை எடுத்துப் படிங்க. வெளியில வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு நிபந்தனை இருந்தா, முதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணணும்.

கடைசியா, லோகோ பிடிக்கலைன்னு அடிக்கடி மாத்தாதீங்க. 2010 அக்டோபர்ல அமெரிக்காவோட கேப் கம்பெனி புது லோகோ விட்டு, மக்கள் திட்டினதும் ஒரு வாரத்துல பழசுக்கே திரும்பினாங்க. அவங்களால தாங்க முடிஞ்சுது. நமக்கு ஒரு லோகோ மாற்றம்னா ஒரு மூட்டை பழைய லேபிள், ஒரு கட்டு பழைய பாலிபேக், நாலு பழைய ஸ்க்ரீன், எல்லாம் குப்பை. அதனால முதல் ஆர்டர்ல லேபிளைக் குறைவா நெய்யச் சொல்லுங்க. ரேட் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல, முதல் 300 பீஸ் விற்று முடிச்ச அப்புறம் மொத்தமா போடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வேலை பண்ணுங்க. மனசுல இருக்கிற பெயர்கள்ல அஞ்சை எழுதுங்க. ஒவ்வொண்ணையும் டிரேட்மார்க் தளத்துல, 25-வது வகுப்புல தேடுங்க. மிஞ்சுற பெயரை வெள்ளைத் தாள்ல கறுப்பு பேனாவால எழுதிப் பாருங்க. டிசைனருக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே உங்க லோகோவுல பாதி வேலை அங்க முடிஞ்சிருக்கும், அதுவும் ஒரு பைசா செலவில்லாம.

அடுத்த பாடத்துல சந்திப்போம்.